மாங்கனீசு–தாமிர ஆக்சைடு வினையூக்கி: பிறையில் ஓர் அச்சாலையின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஆலையின் கரைப்பான் ஆவி வெளியே போகாமல் உலையில் எரித்துவிட உதவும் வினையூக்கிகளில், மாங்கனீசு ஆக்சைடும் தாமிர ஆக்சைடும் கலந்தது என்றாலே, பிளாட்டினம் வாங்க வசதி இல்லாதவர்கள் வாங்குவது என்றோர் எண்ணம் எங்கள் தொழிற்பேட்டையில் இன்றும் இருக்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறை வட்டாரத்தில், உணவுப் பொட்டலங்களுக்கான பிளாஸ்டிக் படலங்களை அச்சிட்டு, அடுக்கடுக்காக ஒட்டித் தரும் ஆலை ஒன்றில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். அந்த எண்ணம் தவறு என்று சொல்லும் அளவுக்கு இந்த வினையூக்கியோடு எனக்குப் பழக்கம் உண்டு. எங்கள் கரைப்பான்களுக்கு இது பிளாட்டினத்தைவிடப் பொருத்தமானது. ஆனால், தனக்குள் என்ன வருகிறது, எந்த வெப்பத்தில் வருகிறது என்பதில் இது காட்டும் கண்டிப்பு எந்த விற்பனைத் தாளிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. கரைப்பான் கிடங்கின் கொள்முதல் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்தான் இதன் ஆயுளை முடிவு செய்கிறார். உலையை இயக்குபவருக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை.

எங்கள் அச்சு இயந்திரங்களில் மை காய்வது சூடான காற்றில். மையிலிருந்தும் ஒட்டுப்பசையிலிருந்தும் கிளம்பும் ஆவியில் பெரும்பங்கு எத்தில் அசிட்டேட்; அடுத்து நார்மல் புரொப்பைல் அசிட்டேட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கொஞ்சம் மெத்தில் எத்தில் கீட்டோன். டொலுவீன் கலந்த மையை உணவு நிறுவனங்கள் ஏற்காததால் அது எங்களிடம் வழக்கொழிந்துவிட்டது. 1978ஆம் ஆண்டின் பழைய காற்று விதிகளுக்குப் பதிலாக மலேசியாவில் 2014இல் வந்த தூய காற்று ஒழுங்குமுறைகள், ஏற்கெனவே இயங்கிவந்த ஆலைகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தன. அந்த அவகாசம் முடியும் தறுவாயில்தான், ஆவியை எரிக்கும் இந்த உலையை வாங்க எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டார். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, வாடை என்று ஒருவர் புகார் செய்தாலே அதிகாரிகள் வாசலுக்கு வந்துவிடும் நிலை உருவானது. அதுவும் அந்தக் கையெழுத்தை விரைவுபடுத்தியது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கரிப்படுகையில் ஆவியை உறிஞ்சி வைக்கும் முறை, காற்றில் ஈரப்பதம் கூடக் கூடத் திறன் இழக்கும். பினாங்கின் காற்று எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கீட்டோன்கள் கரிமீது படிந்தால் சூடேறிப் படுகையே தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வினையூக்கி இல்லாமல் நேரடியாக எரிப்பதென்றால் 750 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும். நாளொன்றுக்குப் பலமுறை மை மாற்றி, நிறுத்தி நிறுத்தி ஓடும் எங்களைப் போன்ற ஆலைக்கு அவ்வளவு வெப்பத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது எரிவாயுக் கட்டணத்தில் தெரிந்துவிடும். வினையூக்கி இருந்தால் 250 முதல் 400 டிகிரிக்குள் அதே வேலை முடிகிறது.

பிளாட்டினத்தை ஏன் விட்டோம் என்ற கேள்விக்கு விலை பாதி விடைதான். டொலுவீன், பென்சீன் போன்ற வளையச் சேர்மங்களைப் பிளாட்டினம் குறைந்த வெப்பத்திலேயே எரித்துவிடும். அங்கே அதற்கு நிகர் அரிது. ஆனால் எத்தில் அசிட்டேட் போன்ற எஸ்டர்களிடம் அதன் வேகம் குறைகிறது. மாங்கனீசு ஆக்சைடும் தாமிரம் கலந்த மாங்கனீசும் இதற்கு நேரெதிர்: எஸ்டர்களை எளிதாக உடைக்கும், டொலுவீனுக்குத்தான் கூடுதல் சூடு கேட்கும். எனவே, எந்த உலோகம் உயர்ந்தது என்று கேட்பதைவிட, உங்கள் பீப்பாய்களில் என்ன இருக்கிறது என்று கேட்பதே சரி. டொலுவீனை விட முடியாத ஆலைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், இவ்வகை ஆக்சைடுகள் வேலை செய்யும் விதம். டச்சு அறிஞர்கள் மார்ஸ், வான் கிரவெலன் இருவரும் 1954இல் முன்வைத்த விளக்கத்தின்படி, கரைப்பான் மூலக்கூறை எரிப்பதில் முதலில் செலவாவது காற்றிலுள்ள ஆக்சிஜன் அன்று, ஆக்சைடின் படிகக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் ஆக்சிஜன். ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, பிறகு காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. மாங்கனீசு பல இணைதிற நிலைகளுக்கிடையே எளிதாக ஏறி இறங்கும் தனிமம் என்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அதற்கு இயல்பாக வருகிறது. அருகில் தாமிரம் இருந்தால் இன்னும் விரைவாக நடக்கிறது. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நாங்கள் சந்தித்த தொல்லைகள் எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கல் தடைப்பட்ட இடங்கள்தாம். வெப்பம் போதாவிட்டால் கொடுப்பது பாதியில் நின்றுவிடும்; மேற்பரப்பில் வேறொன்று படிந்தால் வாங்கவும் கொடுக்கவும் வழியில்லை; அளவுமீறிச் சூடானால் படிகமே உருமாறி, திரும்பி வராத நிலைக்குப் போய்விடும்.

எங்களிடம் இருப்பது தேன்கூட்டு வடிவிலான பீங்கான் கட்டிகள். கார்டியரைட் என்ற பீங்கான்மீது அலுமினாப் பூச்சும், அதற்குள் மாங்கனீசு–தாமிர ஆக்சைடும் இருக்கும். அவற்றை அடுக்கி ஒரு படுகையாக வைத்திருக்கிறார்கள். விலை குறைவு என்று மகிழ்பவர்கள் கவனிக்க வேண்டியது படுகையின் பருமன். அரிய உலோக வினையூக்கிக்கு ஒரு மணி நேரத்தில் அதன் கன அளவைப்போல் 30,000 மடங்கோ அதற்கு மேலோ காற்றைச் செலுத்தலாம் என்றால், ஆக்சைடு வினையூக்கிக்குப் பொதுவாக 10,000 முதல் 15,000 மடங்கு என்றுதான் வடிவமைக்கிறார்கள். ஆகவே இரண்டு மூன்று மடங்கு கட்டிகள் வேண்டும், பெட்டி பெரிதாகும், எஃகுச் செலவு கூடும், காலையில் சூடேற்ற நேரமும் பிடிக்கும். எங்கள் மேற்கூரையில் இடம் இருந்ததால் சமாளித்தோம்.

இயக்கத் தொடங்கிய சில மாதங்களில் வந்த பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதே பிரச்சினையை வேறு இரண்டு அச்சாலைகளிலும் பின்னர் கண்டேன். எரிவாயுவை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி, உலையை நிறுவிக் கொடுத்த ஒப்பந்ததாரர் படுகைக்குள் நுழையும் காற்றின் வெப்பத்தை 240 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போனார். புகைபோக்கியில் எடுத்த அளவீடு அழகாக இருந்தது: மொத்த ஹைட்ரோகார்பன் அளவு 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் வேலிக்கு அப்பால் இருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கும் அம்மா ஒருவர் வாயிற்காவலரிடம் வந்து, "தம்பி, முன்னெல்லாம் சாயம் அடிச்ச மாதிரி வாடை வரும். இப்ப புளிச்சுப்போன பழ வாடை வருது. என்னத்தப் போட்டு எரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் மூக்கு சொன்னது சரி. எத்தில் அசிட்டேட் முழுதாக எரிந்தால் கார்பன் டையாக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். வெப்பம் போதாமல் பாதியில் நின்றால், எத்தனாலும் அசிட்டால்டிகைடும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் வெளியே வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அசிட்டோனாக வரும். இவற்றில் அசிட்டால்டிகைடுதான் தொல்லை. காற்றில் மிகச் சொற்ப அளவு இருந்தாலே பச்சைப்பழமும் புளிப்பும் கலந்த வாடையாக மூக்கில் ஏறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதும் பட்டியலில் வைத்திருக்கிறது. அளவீட்டில் அது ஏன் சிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மொத்த ஹைட்ரோகார்பனை அளக்கப் பயன்படும் சுடர் அயனிக் கருவி, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பனை ஏறக்குறையக் காண்பதே இல்லை. ஃபார்மால்டிகைடு அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கார்பன் உள்ள அசிட்டால்டிகைடு பாதியளவே தெரியும். ஆகவே, அரைகுறையாக எரிக்கும் உலைக்கு அந்தக் கருவி நல்ல மதிப்பெண் போட்டுவிடும்.

நுழைவு வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஆல்டிகைடுகளைத் தனியாகப் பிடித்து ஆய்வகத்தில் பகுக்கச் செய்தோம். 290 டிகிரியை ஒட்டிய நிலையில் ஆல்டிகைடு கண்டறியும் எல்லைக்கு அருகே இறங்கியது. வாடைப் புகாரும் நின்றது. எரிவாயுச் செலவு கூடியது உண்மை. ஆனால் வெளியேறும் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றி இருப்பதால், முதலாளி பயந்த அளவுக்கு அது போகவில்லை. எனவே, வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் மொத்த ஹைட்ரோகார்பன் குறைப்பு விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆல்டிகைடுக்குத் தனி வரம்பு எழுதிக் கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்கத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

அடுத்து, நாள்தோறும் பார்க்க வேண்டிய ஒரே எண். படுகைக்கு முன்னும் பின்னும் உள்ள தெர்மோகப்பிள்கள் (வெப்பத்தை அளக்கும் உணரிகள்) காட்டும் வெப்ப வேறுபாட்டைப் போல மலிவான, நேர்மையான அளவுகோல் வேறில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் எத்தில் அசிட்டேட் முழுதாக எரிந்தால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 18 டிகிரி உயரும். டொலுவீன் என்றால் 30 டிகிரிக்குச் சற்று மேல். மூன்று கிராம் வரும் வேலையில் ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறவேண்டிய இடத்தில் நாற்பதே ஏறுகிறது என்றால், ஒன்று ஆவி குறைந்திருக்கிறது, அல்லது வினையூக்கி சோர்ந்திருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு மை செலவானது என்பது அச்சுப் பிரிவின் பதிவேட்டில் இருப்பதால் இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. படுகையின் நடுவிலும் ஒரு தெர்மோகப்பிள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. புதிய படுகையில் பெரும்பாலான சூடு முன் அடுக்கிலேயே பிறக்கும். முன் அடுக்கு கெடக் கெட, சூடு பிறக்கும் இடம் பின்னோக்கி நகரும். வெளியேறும் வெப்பம் மாறாதபோதே இந்த நகர்வு தெரிந்துவிடுவதால், மாற்று அடுக்கு வாங்க அவகாசம் கிடைக்கிறது.

அதே கணக்கு வேறோர் ஆபத்தையும் காட்டுகிறது. எத்தில் அசிட்டேட் காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு சேர்ந்தால் தீப்பற்றும். பாதுகாப்புக்காக அதன் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான நடைமுறை, நல்ல நடைமுறையும்கூட. ஆனால் அந்தக் கால் பங்கு, கன மீட்டருக்கு 18 கிராம் அளவில் வருகிறது. 290 டிகிரியில் நுழையும் காற்றில் அவ்வளவு ஆவி இருந்தால் படுகை 600 டிகிரியைத் தொட்டுவிடும். மாங்கனீசு–தாமிர ஆக்சைடு 500 டிகிரிக்கு மேல் போகும்போதே படிகமாக இறுகி, மேற்பரப்பை இழக்கத் தொடங்கும். அப்படி இழந்ததை மீட்க வழியில்லை. தீப்பாதுகாப்பு எல்லை வேறு, வினையூக்கியின் எல்லை வேறு. இரண்டாவதுதான் முதலில் வருகிறது. எங்கள் ஆலையில் இந்த உச்சம் வருவது அச்சடிக்கும்போது அன்று, மை மாற்றும்போது. தொட்டியைக் கழுவ ஆட்கள் கரைப்பானை ஊற்றும் அந்தச் சில நிமிடங்களில், உறிஞ்சு குழாயின் கதவு திறந்தே இருந்தால், ஆவி மொத்தமாக உலைக்குப் போய்விடும். இப்போது கழுவும் பகுதிக்குத் தனிக் குழாயும், வெளிக்காற்றைக் கலந்துவிடும் தானியங்கி வால்வும் வைத்திருக்கிறோம்.

இனி, சிலிக்கோன். வினையூக்கியின் நச்சுகள் என்று எந்தக் கையேட்டிலும் கந்தகம், பாஸ்பரஸ், ஈயம், ஆர்சனிக், குளோரின் என நீண்ட பட்டியல் இருக்கும். அச்சுத் தொழிலில் இருப்பவர் அந்தப் பட்டியலில் முதலாவதாகச் சிலிக்கோனை எழுதி, அடிக்கோடிட வேண்டும். மையின் நுரையடக்கி, படலம் வழுக்குவதற்கான பூச்சு, ஒட்டாத காகிதம், கதவுச் சந்தில் வைக்கும் ஒட்டுப்பசை எனச் சிலிக்கோன் எங்கும் இருக்கிறது. ஆவியாகிப் படுகைக்கு வந்ததும் அது எரிந்து கார்பன் போய்விடும்; சிலிக்கா மட்டும் அங்கேயே தங்கிவிடும். ஒருமுறை நடு தெர்மோகப்பிள் வழக்கத்தைவிடக் குறைவாகச் சூடு காட்டத் தொடங்கியதும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கரும்பழுப்பாக இருக்க வேண்டிய கட்டிகளின் நுழைவு முகத்தில், ஒவ்வொரு சதுரத் துளையின் விளிம்பிலும், திருநீறு பூசியதுபோல வெளிறிய மெல்லிய படலம். விரலால் தேய்த்தால் போகவில்லை. நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. உள்ளே இரண்டு விரல் ஆழத்துக்கு அப்பால் கட்டி பழைய நிறத்திலேயே இருந்தது.

இரவுப் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவர்தான் விடையைக் கொண்டுவந்தார். "அண்ணே, ரோலர்ல மை ஒட்டாம இருக்க ஒரு ஸ்ப்ரே அடிக்கிறோம். கடையில வாங்கினது. அதுவா இருக்குமா?" என்று கேட்டபடி டப்பாவைக் காட்டினார். டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் சிலிக்கோன் எண்ணெய் என்று இருந்தது. அதை நிறுத்தினோம். ஆய்வகத்துக்கு அனுப்பிய துண்டில், முன் அடுக்கின் மேற்பரப்பில் சிலிக்கன் மிகுதியாகவும், பின் அடுக்கில் ஒன்றும் இல்லாமலும் இருந்தது. அதே துண்டைச் சோதனை உலையில் வைத்து வெப்பத்தை ஏற்றியபோது, எத்தில் அசிட்டேட்டில் பாதி எரியும் வெப்பநிலை புதிய துண்டைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. தூசி அடைத்தால் காற்றழுத்தத்தால் ஊதி எடுக்கலாம். கரியும் தாரும் படிந்தால் சற்று மிகுந்த வெப்பத்தில் எரித்துவிடலாம். சிலிக்காவுக்கு நாங்கள் கண்ட ஒரே தீர்வு அந்த அடுக்கைக் கழற்றிப் போடுவது. அன்றிலிருந்து, ஆலைக்குள் வரும் எந்த ஸ்ப்ரே டப்பாவும், எந்தப் பசையும், துப்புரவுத் திரவமும் என் கையெழுத்து இல்லாமல் கிடங்கைத் தாண்டுவதில்லை. இதில் ஆட்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கடைக்குப் போய் வாங்கி வருவது அவர்களுக்கு எளிது.

அதே கையெழுத்துக்காகத்தான் ஒருமுறை மெத்திலீன் குளோரைடு பீப்பாய்களும் வந்தன. விலை மலிவு, சிலிண்டரில் காய்ந்த மையை நொடியில் கரைக்கும். திருப்பி அனுப்பிவிட்டேன். குளோரின் உள்ள கரைப்பான் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது வெப்பப் பரிமாற்றியின் எஃகை அரிக்கும். தாமிரம் குளோரைடாக மாறி ஆவியாகிப் போகவும் கூடும். போதாததற்கு, குளோரினும் தாமிரமும் கரிமப் பொருளும் சூட்டில் சேரும் இடம் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாவதற்கு ஏற்ற இடம். குளோரின் சேர்மங்களை எரித்தே ஆகவேண்டியவர்களுக்கு வனேடியம், குரோமியம் ஆக்சைடு வினையூக்கிகள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் அமிலத்தைக் கழுவும் கோபுரமும் வேண்டும். அது வேறு ஆலை, வேறு செலவு. கந்தகத்தைப் பொறுத்தவரை, பக்கத்து ஆலையின் எண்ணெய்க் கொதிகலன் புகை எங்கள் காற்று நுழைவாயிலுக்கு வராதபடி திசையை மாற்றியதோடு கவலை தீர்ந்தது. ஆக்சைடு சல்பேட்டாக மாறிவிட்டால் உலையின் வெப்பத்தில் அது திரும்பாது.

2019 செப்டம்பர் புகைமூட்டத்தின்போது முன்வடிகட்டிகள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் அடைத்துக்கொண்டன, வினையூக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நிலைமை வேறு. உணவுப் பொட்டலம் அவசியத் தொழில் என்பதால் ஆலை ஓடியது, ஆனால் அரை வேகத்தில். ஆவி குறைந்தால் படுகையில் பிறக்கும் சூடும் குறையும். அதை எரிவாயுதான் ஈடுகட்ட வேண்டும். அந்த மாதங்களில் ஒரு கிலோ மைக்கு ஆன எரிவாயு, முழு வேகத்தில் ஓடும்போது ஆவதைவிடக் கண்கூடாக மிகுதி. சீனப் புத்தாண்டு, தீபாவளி போன்ற நீண்ட விடுமுறைகளுக்குப் பிறகும் ஒரு கவனம் தேவை. நிறுத்திய படுகை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆவியை விடுவதற்கு முன், வெறும் சூடான காற்றை மெதுவாகச் செலுத்தி அதை உலர்த்தியாக வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பீங்கான் விரிசல் விடும்.

எங்கள் ஆலையில் இதே உலோகக் குடும்பத்தைச் சேர்ந்த வினையூக்கி வேறு இரண்டு இடங்களிலும் இருக்கிறது. அச்சுக்கு முன் படலத்தின் மேற்பரப்பை மின்பொறியால் பதப்படுத்தும் இயந்திரம் ஓசோனை உண்டாக்கும். வேலையிடத்தில் எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.1 பங்கு என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வரம்பு. எனவே உறிஞ்சிய காற்றை மாங்கனீசு டையாக்சைடு குருணைகள் நிரப்பிய பெட்டி வழியாக அனுப்புகிறோம். அறை வெப்பநிலையிலேயே ஓசோன் ஆக்சிஜனாகிவிடுகிறது. எரிவாயு வேண்டாம், மின்சூடும் பெரிதாக வேண்டாம். இந்த மூன்றில் எனக்கு மிகக் குறைவாகத் தொல்லை கொடுத்தது இதுதான். ஈரம்தான் அதன் எதிரி: நீர் மூலக்கூறுகள் ஓசோன் அமர வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. மழைநாட்களில் பெட்டிக்குப் பின்னால் ஓசோனின் கூர்மையான வாடை லேசாகத் தெரிந்தது. இப்போது காற்றைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி அனுப்புகிறோம், வாடை இல்லை. மங்கிய குருணைகளைச் சூடான காற்றில் உலர்த்தி எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடுகின்றன.

இன்னொன்று, கரைப்பான் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவர்களுக்கான மூச்சுக்காற்று இணைப்பில் இருக்கும் ஹாப்கலைட் குப்பி. முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிபோர்னியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கார்பன் மோனாக்சைடிலிருந்து வீரர்களைக் காக்க உருவாக்கிய அதே மாங்கனீசு–தாமிரக் கலவை இது. உலர்ந்த காற்றில் அறை வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டையாக்சைடாக மாற்றும். ஈரம் பட்டால் செயலிழந்துவிடும்; அதனால்தான் அதற்கு முன்னால் ஈரம் உறிஞ்சும் குப்பி வைக்கிறார்கள். முன்குப்பியின் நிறம் மாறிய பிறகும் ஹாப்கலைட்டை நம்பி ஆளை இறக்குவது உயிரோடு விளையாடுவது. இங்கே எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. குப்பி நாள் கடந்தால், புதியது வரும்வரை தொட்டி வேலை நிற்கும்.

ஆய்வகச் செய்திகளை நம்பி வாங்கத் துடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009இல் சீனாவில் செய்த ஆய்வொன்றில், கோபால்ட் ஆக்சைடின் நுண்கம்பிகள் பூச்சியத்துக்குக் கீழே 77 டிகிரியிலும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்தது நிரூபிக்கப்பட்டது. உண்மையிலேயே வியப்பான வேலை. ஆனால் ஆய்வகத்தில் நுழைவது ஒரே வாயு, ஒரே அளவு, சீரான ஓட்டம். எங்கள் குழாயில் காலையில் ஒரு கலவை, மதியம் ஒரு கலவை, மழை பெய்தால் இன்னொரு கலவை வருகிறது. விற்பனையாளர் காட்டும் வளைகோட்டைப் பார்க்கும்போது, அது ஒற்றைக் கரைப்பானுக்கு வரைந்ததா, கலவைக்கு வரைந்ததா, நீராவி சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். கலவையில் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; தனியாக எளிதில் எரிவது கூட்டத்தில் பின்தங்கும்.

கழற்றிய கட்டிகளைக் குப்பையில் போட முடியாது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய வினையூக்கி 202 என்ற எண்ணின் கீழ் வருகிறது. 180 நாட்களுக்கோ 20 மெட்ரிக் டன்னுக்கோ மேல் ஆலையில் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவர்களிடம் பதிவோடு ஒப்படைக்க வேண்டும். பிளாட்டினக் கட்டி என்றால் உலோகத்தை மீட்பவர்கள் பணம் கொடுத்து எடுத்துச் செல்வார்கள். மாங்கனீசுக் கட்டிக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். விலை ஒப்பீட்டில் இந்த வரியைப் பலர் எழுதுவதில்லை. எங்கள் கணக்கில் அதையும் சேர்த்த பிறகும் மாங்கனீசே மலிவாக இருந்தது, வித்தியாசம் விற்பனைத் தாளில் காட்டியதைவிடக் குறுகியிருந்தாலும்.

அடுத்த கொள்முதலுக்கு முதலாளியிடம் கொடுத்திருக்கும் குறிப்பில், படுகை முழுவதையும் மாற்றாமல், முன்னால் ஒரு மெல்லிய காவல் அடுக்கை மட்டும் தனிச் சட்டத்தில், உருவி எடுக்கும்படி வைக்கக் கேட்டிருக்கிறேன். வினையூக்கி எதுவும் இல்லாத அலுமினா பூசிய தேன்கூடே அதற்குப் போதும். வரும் சிலிக்காவை அது வாங்கிக்கொள்ளும், விலையும் சொற்பம். சட்டம் செய்ய பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் விலை கேட்டிருக்கிறோம். படுகையின் ஆழத்துக்கு ஏற்ப அழுத்த இழப்பு எவ்வளவு கூடும், இப்போதைய விசிறி தாங்குமா என்ற கணக்கு மட்டும் பாக்கி.